ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு பஸ் ஓட்டுநர்

சனிக்கிழமை, மாலை

பள்ளிகளுக்கு ஜூன் விடுமுறை. எனக்கும் சில நாள் விடுப்பு கிடைத்தது. மலாக்கா போய் வரலாம் என்றாள் அக்கா. ஆனால் விடுமுறைக் காலத்தில் சிங்கப்பூர்-மலேசிய எல்லையில் இருக்கும் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் மணிக்கணக்கில் காத்துக்கிடக்க வீட்டில் யாருக்கும் தெம்பில்லை. அதனால் நானும் அக்கா மகனும் மட்டும் வேறோர் ஊருக்குக் கிளம்பியிருக்கிறோம். பாஸ்போர்ட் தேவையில்லை. ஸ்டோர் ரூமில் பழைய மின்விசிறிக்குப் பின்னால் கிடந்த பிளேஸ்டேஷன் 2 போதும்.

ஊர் ஸ்பிரிங்ஃபீல்டு. 'தி சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் பார்த்தவர்களுக்கு அறிமுகம் தேவையிருக்காது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1989 டிசம்பரில் தனித் தொடராகத் தொடங்கியது, இன்றுவரை நிற்கவில்லை. அந்த ஊரைச் சாலை சாலையாகக் கட்டி அதில் நம்மைக் காரோட்ட விட்ட வீடியோ கேம்தான் 'தி சிம்ப்சன்ஸ்: ஹிட் அண்ட் ரன்'. கனடாவின் வான்கூவரைச் சேர்ந்த ரேடிக்கல் என்டர்டெயின்மென்ட் உருவாக்கியது. 2003 செப்டம்பரில் வெளிவந்தது. தொடருக்கு எழுதுகிறவர்களே இதற்கும் வசனம் எழுதினார்கள். தொடரில் குரல் கொடுப்பவர்களே இதிலும் பேசினார்கள்.

பல வருடமாக ஈரடுக்கு பஸ் ஓட்டுகிறேன். சொந்தக் கார் இல்லை. சிங்கப்பூரில் காரை வாங்குவதற்கு முன்னால் 10 ஆண்டுக்கான வாகன உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும். 1990ல் கொண்டுவந்த ஏற்பாடு அது. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழ் மட்டுமே 150,000 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) தொட்டது. கார் விலை தனி. சாலைக்குச் சிறிய ஊர், வேறு வழியில்லை என்பது எனக்கும் புரிகிறது. ஆனாலும் வேலை நேரத்துக்கு வெளியே, போன வழியே திரும்பாமல், மனம் போன பக்கம் வண்டியைத் திருப்பும் ஆசை எனக்கு எப்போதும் உண்டு.

சிவப்பு, வெள்ளை, மஞ்சள் முனைகள் கொண்ட பழைய வயரைச் சொருக ஹாலில் இருக்கும் டிவியில் இடமே இல்லை. சிம் லிம் ஸ்குவேரில் ஒரு சிறிய கன்வெர்ட்டர் வாங்கி வந்தோம். படம் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிகிறது. ஊர் தெரிகிறது, அது போதும்.

ஞாயிறு, காலை

கட்டத்துக்கு ஓர் ஆளாக நாம் ஓட்ட வேண்டும். முதல் ஆள் ஹோமர், சிம்ப்சன் குடும்பத்தின் அப்பா. வீடு எவர்கிரீன் டெரஸ் 742. வாசலில் குடும்பத்தின் இளஞ்சிவப்பு செடான். முதல் வேலை, க்விக்-ஈ-மார்ட் கடைக்குப் போய் ஐஸ்கிரீமும் கோலாவும் வாங்கி வருவது. அடுத்த வேலை, மகள் லிசா மறந்து வைத்துவிட்டுப் போன அறிவியல் புராஜெக்ட்டைப் பள்ளியில் கொண்டுபோய்க் கொடுப்பது.

"மாமா, ரைட் சைடு மாமா! ரைட்டு!"

அமெரிக்கா என்பதால் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். நம் கை இடப்பக்கத்துக்கே பழகிய கை. எதிரே வரும் வண்டி எந்தப் பக்கம் ஒதுங்கும் என்பதைக் கண் யோசிக்காமலே கணக்குப் போட்டுவிடும். அந்தக் கணக்கை இங்கே தலைகீழாகப் போட வேண்டியிருக்கிறது. நாலு சாலை சந்திக்கும் இடத்தில் இடப்பக்கம் திரும்புவதுதான் சிரமம். நம் ஊரில் அதுதான் சுலபமான திருப்பம்.

மதியத்துக்குள் கை வசப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகுதான் ஊரைப் பார்க்கத் தொடங்கினேன். பள்ளி, சர்ச், கல்லறைத் தோட்டம், டிரெய்லர் வீடுகள், ஊர்ப் பணக்காரர் பர்ன்ஸின் மாளிகை, அவருடைய அணுமின் நிலையம், எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கும் டயர்க் குவியல் எல்லாம் ஒரே வளையச் சாலையில் கோத்துக் கிடக்கின்றன. எந்தப் பக்கம் ஓட்டினாலும் சுற்றிக் கிளம்பின இடத்துக்கே வந்து சேர்வோம். ஊரைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. நகரைச் சுற்றிவரும் பஸ் தடத்தில் புதிதாகப் போடப்பட்ட ஓட்டுநர் ஒரு வாரத்தில் எந்த மரம் எந்த நிறுத்தத்துக்கு முன்னால் வரும் என்று சொல்லிவிடுவார். நேர்க்கோட்டில் போய்வரும் தடத்தில் அதற்கு இன்னும் நாளாகும்.

ஞாயிறு, இரவு

கேமின் பெயருக்குக் காரணமான மீட்டரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திரையின் ஓரத்தில் வட்டமான சிறு வரைபடம் இருக்கிறது. வேலியை உடைத்தால், விளக்குக் கம்பத்தைச் சாய்த்தால், ஆள் மேல் ஏற்றினால் அந்த வட்டத்தைச் சுற்றி மீட்டர் கொஞ்சம் கொஞ்சமாக நிறைந்துகொண்டே வரும். முழு வளையமும் நிறைந்துவிட்டால் போலீஸ் துரத்தும். பிடித்தால் 50 நாணயம் அபராதம்.

இங்கே பஸ் மாதிரிக் கனரக வாகனத்தில் சிவப்பு விளக்கைக் கடந்தால் 500 வெள்ளி அபராதம், 12 தண்டனைப் புள்ளி. இரண்டு ஆண்டுக்குள் 24 புள்ளி சேர்ந்தால் உரிமம் முடங்கும். விரைவுச்சாலையில் பஸ்ஸுக்கு மணிக்கு 60 கிலோமீட்டர்தான். அந்த எண்களோடு தினமும் வாழ்கிறவனுக்கு, உடைத்த வேலி உடைந்தபடியே கிடக்க, போலீஸ் சத்தம் ஓய்ந்ததும் எல்லாமே மறக்கப்படும் ஊர் முதலில் திகைப்பாக இருந்தது. பிறகு அது எவ்வளவு யோசித்துச் செய்த காரியம் என்று புரிந்தது. அந்தக் காலத்தில் பெயர்பெற்ற திறந்தவெளிக் கார் விளையாட்டுகளில் ரத்தமும் துப்பாக்கியும்தான் முன்னால் நின்றன. இங்கே கார் மோதிய ஆள் பறந்துபோய் விழுந்து, எழுந்து, திட்டிவிட்டு நடக்கிறார். சாலையில் போகிற காரை நிறுத்தி ஏறலாம், ஆனால் அதன் சொந்தக்காரரை யாரும் வெளியே இழுத்துப் போடுவதில்லை. நாம் சவாரி கேட்டு ஏறிக்கொள்வதாகத்தான் வைத்திருக்கிறார்கள். உயர்நிலை இரண்டில் படிக்கிறவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இதை நான் மனநிறைவோடு விளையாட முடிகிறது.

செவ்வாய், பிற்பகல்

இப்போது ஹோமரின் மகன் பார்ட். இடம் டவுன்டவுன். நகர மன்றம், அதன் முன்னால் ஊரை நிறுவிய ஜெபடையாவின் சிலை, விளையாட்டரங்கம், தலைக்கு மேலே மோனோரயில். தொடரில் மோனோரயில் வந்த அத்தியாயம் 1993ல் ஒளிபரப்பானது. பார்த்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கேம் செய்தவர்களும் மறக்கவில்லை.

எனக்கு செந்தோசா ஞாபகம் வந்தது. 1982ல் இருந்து 2005 வரை அங்கே பழைய மோனோரயில் ஓடியது. கதவு ஜன்னல் பெரிதாக இல்லாத சின்னப் பெட்டிகள், மரக்கிளைகளை ஒட்டிப் போகும். அப்பா கூட்டிப்போனபோது இறங்கவே மாட்டேன் என்று அழுதேனாம், அக்கா இன்றும் சொல்வாள். அக்கா மகனுக்கு அந்த ரயிலே தெரியாது. அவன் பார்த்ததெல்லாம் 2007ல் வந்த புதியது.

டவுன்டவுனில் சாலைகள் நெருக்கம், குறுக்குச் சந்துகள் அதிகம். ஒவ்வொரு சந்திலும் ஏதாவது வைத்திருக்கிறார்கள்: உதைத்தால் நாணயம் கொட்டும் 'பஸ் கோலா' (Buzz Cola) குளிர்பான இயந்திரம், அட்டைப்பெட்டிகள், குளவி வடிவத்தில் ரீங்காரமிட்டுக்கொண்டு பறக்கும் உளவுக் கேமரா. ஒவ்வொரு கட்டத்திலும் 20 குளவிகள், 7 சேகரிப்பு அட்டைகள். அட்டைகள் ஒவ்வொன்றும் தொடரில் வந்த ஏதோவொரு பொருள். அக்கா மகன் குளவிகளைத் தேடுவதில் கெட்டிக்காரன். நான் ஓட்ட, அவன் ரீங்காரத்தைக் கேட்டு இடம் சொல்வான்.

புதன்

லிசா. துறைமுகப் பக்கம். காணாமல்போன அண்ணன் பார்ட்டைத் தேடி அலைகிறாள். ஸ்குவிட்போர்ட் பலகை நடைபாதை, அணைக்கட்டு, சூதாட்ட விடுதி, மேட்டில் வானாய்வுக் கூடம். மலையேறி இறங்கும் வளைவுகள் அழகு. கேமின் மூன்று வரைபடங்களில் ஓட்டுவதற்கு மிக இதமானது இதுதான். அணைக்கட்டுச் சாலையை மட்டும் வேலை எதுவும் எடுக்காமல் சும்மா ஓட்டிப் பார்த்தோம். மெதுவாகத்தான்.

வியாழன், இரவு

ஹோமரின் மனைவி மார்ஜின் முறை வந்தது. கேனியனெரோ என்ற பெரிய எஸ்யூவியில் ஏறிக் கிளம்பினால், மறுபடி எவர்கிரீன் டெரஸ்!

"என்ன மாமா, அதே இடம்தானே. ஏமாத்திட்டாங்க" என்றான்.

அப்படி நினைப்பது சகஜம்தான். மொத்தம் ஏழு கட்டங்கள், வரைபடம் மூன்றே மூன்று. குடியிருப்புப் பகுதி முதல், நான்காம், ஏழாம் கட்டங்களில் வரும். டவுன்டவுன் இரண்டிலும் ஐந்திலும். துறைமுகம் மூன்றிலும் ஆறிலும். வேலையைக் குறைக்கச் செய்த சிக்கனம் என்று பலர் சொல்லக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை.

மார்ஜை வைத்து ஓட்டத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே நான் அம்புக்குறியைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். பள்ளிக்குப் போ என்றால் போகிறேன். கல்லறைத் தோட்டத்துக்கு எந்த இறக்கத்தில் முன்கூட்டியே பிரேக் போட வேண்டும் என்று கால் அறிந்திருக்கிறது. கையில் இருப்பது பொத்தான் என்பதையே கால் மறந்துவிடுகிறது. ஹோமராக இருந்தபோது அதே சாலையில் நான் விருந்தாளி, இப்போது உள்ளூர்க்காரன். மார்ஜும் அந்த ஊரில் உள்ளூர்க்காரிதான், எத்தனையோ வருடமாகப் பிள்ளைகளை அதே பள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிறவள். மகன் வாயில் புரியாத வார்த்தைகளாக வருகிறது, என்ன ஆனது என்று வீடு வீடாகக் கேட்டு அலையும் தாய். அவள் அலைகிற சாலை எனக்கும் பழகிய சாலையாக இருந்ததால்தான் அந்த அலைச்சல் எனக்கு உறைத்தது. புது வரைபடத்தில் அவளை ஓட்டியிருந்தால் நான் வழியைத்தான் தேடிக்கொண்டிருந்திருப்பேன்.

இப்போது வரும் கேம்களில் வரைபடம் பிரம்மாண்டமாக இருக்கிறது. அக்கா மகனின் கம்ப்யூட்டரில் ஒன்று உண்டு. ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓட்டிப்போக வெகுநேரம் பிடிக்கும். அவனைக் கேட்டேன், அதில் ஏதாவது ஒரு தெருவின் பெயர் சொல்லு பார்ப்போம் என்று. யோசித்தான். சொல்ல வரவில்லை. ஸ்பிரிங்ஃபீல்டில் சர்ச்சிலிருந்து க்விக்-ஈ-மார்ட்டுக்குக் குறுக்குவழி கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். ஒரு ஊரைச் சின்னதாகச் செய்து, வேறு வேறு ஆளாக நம்மைத் திரும்பத் திரும்ப அதில் அனுப்பினால் அது நம் ஊராகிவிடுகிறது. தீவில் பிறந்து, ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு 50 கிலோமீட்டர் மட்டுமே இருக்கும் இடத்தில் ஓட்டிப் பிழைக்கிற எனக்கு இதில் சந்தேகமே கிடையாது.

சனிக்கிழமை

அபுவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

ஐந்தாம் கட்டத்தின் ஓட்டுநர் அபு நஹசபீமபெட்டிலான், க்விக்-ஈ-மார்ட் நடத்துகிற இந்தியர். 2003ல் வந்த ஓர் அமெரிக்க வீடியோ கேமில் நம் நிறத்து ஆள் ஒரு கட்டம் முழுக்க நாயகனாக வருவதை அப்போது நான் கவனித்ததில்லை. இப்போது ஓட்டிக்கொண்டிருக்கும்போது அடிக்கடி கவனித்தேன்.

அக்கா மகனுக்கு அபுவின் குரல் பிடிக்கவில்லை. "யாரு மாமா இப்படிப் பேசுவாங்க? தாத்தா கூட இப்படிப் பேச மாட்டாரு" என்றான். அவனுக்கு விஷயத்தைச் சொன்னேன். அபுவுக்குக் குரல் கொடுத்த ஹேங்க் அசாரியா இந்தியர் கிடையாது. அமெரிக்காவில் வளர்ந்த இந்தியப் பிள்ளைகள் பலர் அந்தக் குரலைச் சொல்லித்தான் பள்ளியில் கேலிக்கு ஆளானார்கள். 2017ல் அதைப் பற்றிப் பெரிய விவாதம் எழுந்தது. இனி அபுவுக்குக் குரல் கொடுக்கப்போவதில்லை என்று 2020 ஜனவரியில் அசாரியாவே அறிவித்தார். கேட்டுவிட்டு, "கரெக்ட்டுதான்" என்றான். நானும் அதையே நினைக்கிறேன்.

குரலை ஒதுக்கிவிட்டு அந்தக் கதாபாத்திரத்தின் காரியத்தைப் பார்த்தால் எனக்கு அவன் மேல் மரியாதைதான் வருகிறது. ஊரைக் கெடுக்கிற 'பஸ் கோலா' அவனுடைய கடையில்தான் விற்றது. அதில் ஏதோ கலந்திருக்கிறது என்று தெரிந்ததும், நான் விற்ற சரக்கால் ஊருக்குக் கேடு வந்துவிட்டதே என்று அவன் மனம் ஆறவில்லை. அதை ஏற்றிவரும் லாரிகள் எங்கிருந்து வருகின்றன என்று தேடிக்கொண்டு தெருவுக்கு இறங்குகிறான். ஹோமர் எரிச்சலில் கிளம்பினான், லிசாவும் மார்ஜும் பாசத்தில். அபுவைக் கிளப்பியது மனசாட்சி. இந்தக் கேமில் அப்படிக் கிளம்பியவன் அவன் ஒருவன்தான்.

எங்கள் பெரிய மாமா தோ பாயோவில் புளோக்கின் கீழ்த்தளத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். மாமாக்கடை என்றுதான் சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் சொல்வார்கள். காலை ஆறு மணிக்குப் பேப்பர் கட்டைப் பிரிப்பார், இரவு பத்துக்கு மேல்தான் இரும்புக் கதவை இழுப்பார். உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு மைலோ டின் தொங்கும். சில்லறை அதில்தான் இருக்கும், இழுத்தால் இறங்கும், விட்டால் தானே ஏறிக்கொள்ளும். ஒருமுறை பிஸ்கட் பெட்டியில் பூஞ்சணம் இருந்ததாக எதிர்வீட்டுப் பாட்டி வந்து சொன்னார். அந்தப் பெட்டியில் யார் யாருக்குக் கொடுத்தோம் என்று நோட்டைப் பார்த்து, ஒவ்வொரு மாடியாக ஏறிப்போய் திரும்ப வாங்கி வந்தார். லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காத காலம் அது. நானும் கூடப் போனேன். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை.

அபு காரில் ஏறிக் கோலா லாரிக்குப் பின்னால் விரையும்போது அந்த மாடிப்படிகள்தான் என் கண்ணில் நின்றன. அவனுக்குக் கொடுத்திருப்பது நீளமான லாங்ஹார்ன் கார். ஈரடுக்கு பஸ் ஓட்டிய கைக்கு நீள வண்டி பழக்கம்தான். முன்பக்கம் வளைவைத் தாண்டிய பிறகே திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் பின்பக்கம் நடைபாதையில் ஏறும். டவுன்டவுன் சந்துகளில் ஒரு கம்பத்தைக்கூடச் சாய்க்காமல் கொண்டுபோனேன். "மாமா, பஸ் ஓட்டுற மாதிரியே இருக்கு" என்றான். அருங்காட்சியகத்தில் அவன் கண்டுபிடிக்கும் உண்மையைச் சொல்லப்போவதில்லை. விளையாடிப் பாருங்கள்.

திங்கள், பின்னிரவு

விடுப்பு முடிந்தது, காலை ஷிஃப்ட் தொடங்கிவிட்டது. ஆறாம் கட்டத்தை வேகமாக முடித்தோம். மறுபடி பார்ட், மறுபடி துறைமுகம். வேலைகள் பெரும்பாலும் துரத்துவதும் உடைப்பதும்தான். அணைக்கட்டுச் சாலையை அவசரத்தில் கடக்க வேண்டியிருந்தது மட்டும் வருத்தம்.

வெள்ளிக்கிழமை

ஏழாம் கட்டம். ஹாலோவீன் இரவு, தெருவெல்லாம் சாம்பிகள், மறுபடி ஹோமர். பள்ளிக்கு மேலே வேற்றுக்கிரகக் கப்பல் நிற்கிறது, கீழே வருகிற காரை ஒளிக்கற்றையால் உறிஞ்சிக்கொள்கிறது. அணுமின் நிலையத்திலிருந்து கழிவை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கு ஓட வேண்டும். கப்பல் அந்தக் காரை உறிஞ்சினால் அதற்கே விஷமாகிவிடும். நேரம் இழுத்துப்பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். எங்காவது ஒரு மோதல் மோதினால் போச்சு.

பலர் இந்தக் கடைசி வேலையை ஆண்டுக்கணக்கில் திட்டியிருக்கிறார்கள். கடினம்தான், மறுக்க மாட்டேன். ஆனால் நியாயமான கடினம். அணுமின் நிலையத்துக்கும் பள்ளிக்கும் இடையே இருக்கிற அந்தச் சாலையை முதல் கட்டத்திலிருந்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம். ஐஸ்கிரீம் வாங்கப் போன சாலை, மார்ஜ் தேடி அலைந்த சாலை. கேம் இப்போது கேட்பது ஒன்றே ஒன்று: இந்த ஊர் உனக்குத் தெரியுமா, தெரியாதா?

அக்கா மகன் வேகத்தை நம்பி ஓட்டினான், வளைவில் கார் சுழன்றது. திரும்பவும் ஓட்டினான், திரும்பவும் சுழன்றது. கன்ட்ரோலரை என்னிடம் நீட்டினான். நான் வாங்கவில்லை. அடுத்தவர் வண்டியில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பயிற்சி கொடுப்பது என் வேலையிலும் ஒரு பகுதிதான்.

"வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறை தம்பி. வளைவுக்குள்ள போய்க் குறைக்காதே. உள்ளே போனதும் மெதுவா ஏத்து."

"டைம் போகுது மாமா!"

"போகட்டும். நேர்ச்சாலையில பிடிச்சிக்கலாம். எதிர்ல வர்ற காரைப் பார்க்காதே, அதுக்குப் பக்கத்துல இருக்கிற இடைவெளியைப் பாரு."

புதிதாக வரும் ஓட்டுநர்களுக்கு முதல் நாளே இதைத்தான் சொல்வேன். கண் எங்கே போகிறதோ கை அங்கேதான் போகும். அவன் கேட்டான். இறக்கத்தில் குறைத்தான், சர்ச்சைத் தாண்டியதும் ஏற்றினான், புல்வெளி வழியாக ஒரு குறுக்குவழியில் புகுந்தான். எனக்கே தெரியாத குறுக்குவழி அது, குளவி தேடும்போது கண்டுபிடித்து வைத்திருந்தானாம்! பள்ளி மைதானத்துக்குள் கார் நுழைந்தபோது இரண்டு மூன்று விநாடி மிச்சம் இருந்தது. சத்தத்தில் அக்கா எழுந்து வந்துவிட்டாள்.

ஞாயிறு

கதை முடிந்தாலும் ஊர் மூடப்படவில்லை. எந்தக் கட்டத்துக்கும் திரும்பப் போகலாம். ஏழு கட்டங்களுக்கும் சேர்த்து 49 அட்டைகள், எல்லாம் சேர்ந்தால் தொடருக்குள்ளேயே வரும் இட்சி-ஸ்கிராச்சி கார்ட்டூன் ஒன்று பார்க்கக் கிடைக்கும். எங்களிடம் துறைமுகத்து அட்டைகள் சில பாக்கி. மெமரி கார்டு 8 எம்பிதான், அதில் எங்கள் ஸ்பிரிங்ஃபீல்டு முழுவதும் அடங்கியிருக்கிறது.

எங்கே வாங்குவது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இந்தக் கேம் இதுவரை மெருகேற்றப்பட்டு மறுபடி வெளிவரவில்லை, இணையக் கடைகளில் டவுன்லோடாகவும் விற்கப்படுவதில்லை. பழைய வட்டுதான் வழி. பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸ், கேம்க்யூப், கம்ப்யூட்டர் ஆகிய நான்குக்கும் வந்தது. வட்டை வாங்குவதற்கு முன்னால் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வட்டத்தோடு ஓடுகிற கீறல்தான் மோசம், நடுவிலிருந்து வெளியே போகிற கீறல் பெரும்பாலும் தொந்தரவு தராது. வாங்கியதும் அவசரமாக வேலைகளை முடிக்காதீர்கள். முதல் நாள் முழுக்க அந்த வளையச் சாலையைச் சும்மா சுற்றி வாருங்கள், ஒருமுறை இந்தப் பக்கம், ஒருமுறை அந்தப் பக்கம்.

நாளை எனக்கு மாலை ஷிஃப்ட். காலையில் ஸ்குவிட்போர்ட் போகிறோம், ஓட்டப்போவது அவன்.